பிரெக்ஸிட்: சோதனைக் கோட்டை எங்கே போடுவது?

கேள்வி இதுதான்: 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதாக பிரிட்டன் மக்கள் முடிவு செய்தார்கள். அதை நடைமுறைப்படுத்த ஏன் நாலரை வருடம் பிடித்தது? வரியே இல்லாத ஒப்பந்தம் போட்ட பிறகும் லாரிகள் ஏன் நின்றன? இத்தனை வருடம் கழித்தும் பேச்சுவார்த்தை ஏன் ஓயவில்லை?

வாக்குச்சீட்டில் இரண்டே கட்டங்கள் இருந்தன. நீடிப்பதா, விலகுவதா. 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் விலகுவதற்கு வாக்களித்தார்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் அந்தப் பக்கம் நின்றன. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேரும் வடக்கு அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேரும் நீடிக்கச் சொன்னார்கள். விலகி எங்கே போய் நிற்பது என்று சீட்டு கேட்கவில்லை. விலகச் சொல்லிப் பிரச்சாரம் செய்தவர்களிடமும் அதற்கு ஒரே பதில் இல்லை. ஒருவர் நார்வேயைக் காட்டினார், இன்னொருவர் கனடாவைக் காட்டினார். பின்னால் வந்த எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த விடுபட்ட கேள்விதான்.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு ஏற்பாடுகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சுங்க ஒன்றியம் என்பது வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரி போடுவது. சீனாவிலிருந்து வரும் கன்டெய்னர் ராட்டர்டாமில் இறங்கினாலும் சரி, ஹாம்பர்கில் இறங்கினாலும் சரி, தீர்வை ஒன்றே. ஒருமுறை கட்டிவிட்டால் உள்ளே எங்கும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒற்றைச் சந்தை என்பது பொருள்களின் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரே விதிப்புத்தகம், அதற்கு விளக்கம் சொல்ல ஒரே நீதிமன்றம், கூடவே ஆட்களும் மூலதனமும் சேவைகளும் தடையின்றிப் போய்வருவது. இரண்டிலும் இருக்கும்வரை எல்லையில் சரக்கை நிறுத்திக் கேட்க எதுவும் இல்லை. ஒன்றிலிருந்து விலகினாலும் கேள்வி பிறந்துவிடும். சுங்க ஒன்றியத்தை விட்டால், ‘வரி கட்டியாயிற்றா, இது எங்கே செய்தது?’ ஒற்றைச் சந்தையை விட்டால், ‘இது எங்கள் விதிப்படி செய்ததா, யார் சான்று கொடுத்தது?’ எங்காவது ஓரிடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். அந்த இடத்தைச் சோதனைக் கோடு என்று வைத்துக்கொள்வோம். அதை நகர்த்தலாம்; துறைமுகத்திலிருந்து கிடங்குக்கோ, கிடங்கிலிருந்து காகிதத்துக்கோ மாற்றலாம். விலகிய பிறகு அதை அழிக்க முடியாது. 2016-க்குப் பிறகு நடந்த சண்டை முழுவதையும் இந்தக் கோட்டை வைத்தே படிக்கலாம்.

பிரிட்டன் முன்னால் இருந்த வழிகள் எல்லாமே ஏற்கெனவே யாரோ நடந்து பார்த்தவை. நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. ஆகவே ஸ்வீடன் எல்லையில் ஸ்வினெசுண்டில் இன்றும் சுங்கச் சாவடி உண்டு, லாரிகள் நின்று டிக்ளரேஷன் காட்டிவிட்டுத்தான் போகின்றன. தவிர, ஒன்றியம் எழுதும் விதிகளை வாக்குரிமை இல்லாமல் ஏற்க வேண்டும், ஆட்கள் வந்துபோவதையும் தடுக்க முடியாது. துருக்கி இதற்கு நேர் எதிர். 1995 கடைசியிலிருந்து தொழிற்சாலைப் பொருள்களுக்குச் சுங்க ஒன்றியம் உண்டு, ஒற்றைச் சந்தை கிடையாது. பல்கேரிய எல்லையில் கபிகுலேயில் லாரிகள் வரிசைகட்டி நிற்பது அங்கே வாடிக்கை. சுவிட்சர்லாந்து நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி ஒப்பந்தங்களால் ஒட்டுப்போட்டு வாழ்கிறது. அதே ஏற்பாட்டை இன்னொருமுறை செய்ய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கு விருப்பமே இல்லை. கனடா வழியில் பெரும்பாலும் வரி இல்லை, ஆனால் சோதனை எல்லாம் உண்டு. எதுவும் ஒத்துவராவிட்டால் உலக வணிக அமைப்பின் பொது விதி. அதில் ஐரோப்பாவுக்குள் போகும் ஒவ்வொரு காருக்கும் 10 சதவீதத் தீர்வை; பால்பொருளுக்கும் மாட்டிறைச்சிக்கும் அதைவிடப் பல மடங்கு.

2017 ஜனவரி 17 அன்று லங்காஸ்டர் ஹவுஸில் பேசிய பிரதமர் தெரசா மே, இரண்டிலிருந்தும் விலகுவதாக அறிவித்தார். அப்போதே கோடு எங்கோ விழுந்தாக வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது. எங்கே என்று அமைச்சரவை முடிவு செய்வதற்குள், 2017 மார்ச் 29 அன்று லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50-வது பிரிவைத் தொடங்கிவைத்தார். இந்த நெடுங்கதையில் மிகப் பெரிய தவறு இதுவே என்பது என் கருத்து. 50-வது பிரிவு இரண்டு வருடக் கடிகாரம். அதற்குள் ஒப்பந்தம் வராவிட்டால் விலகும் நாடு தானாக வெளியே விழும். கடிகாரம் ஓட ஓட நெருக்கடி கூடுவது விலகுபவருக்குத்தான். தனக்கு என்ன வேண்டும் என்று லண்டன் முழுதாக எழுதிவைத்தது 2018 ஜூலையில், பிரதமரின் செக்கர்ஸ் மாளிகைக் கூட்டத்தில். தொடங்கி பதினைந்து மாதம் கழித்து! அதையும் ஏற்காமல் இரண்டு மூத்த அமைச்சர்கள் மூன்றே நாளில் பதவி விலகினார்கள். எதிர்ப்பக்கம், ஒன்றியத்தின் சார்பில் பேசிய மிஷெல் பார்னியே தலைமையிலான குழு முதல் நாளிலேயே வரிசையை நிர்ணயித்துவிட்டது: முதலில் கொடுக்க வேண்டிய பணம், இரு பக்கக் குடிமக்களின் உரிமை, அயர்லாந்து எல்லை, இவற்றில் போதிய முன்னேற்றம் கண்ட பிறகே வணிகம்.

மூன்றில் முடிச்சு விழுந்தது அயர்லாந்தில். வடக்கு அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, தெற்கே இருப்பது ஒன்றிய உறுப்பு நாடு. நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, இருநூற்றுக்கும் மேற்பட்ட சாலைகள். முப்பது வருட வன்முறையை முடித்துவைத்த 1998 புனித வெள்ளி உடன்பாட்டுக்குப் பிறகு அந்த எல்லையில் காவல் கோபுரமோ சாவடியோ கிடையாது. வடக்கே கறக்கும் பாலில் கணிசமான பங்கு தெற்கே போய்ப் பதப்படுகிறது. அங்கே மீண்டும் சாவடி வைத்தால் அது தாக்குதல் இலக்காகும் என்று காவல்துறையே எச்சரித்தது. சரி, கோட்டை அயர்லாந்துக் கடலில், அதாவது வடக்கு அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் நடுவில் போடலாம் என்றால், ‘ஒரே நாட்டுக்குள் சுங்கக் கோடா’ என்று, வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்னும் யூனியனிஸ்டுகள் கொதித்தார்கள். கோடே வேண்டாம் என்றால் பிரிட்டன் முழுவதும் சுங்க ஒன்றியத்திலும் பொருள்களுக்கான விதிகளிலும் ஒட்டியிருக்க வேண்டும். அப்படியானால் எதற்கு விலகினோம் என்று மற்றவர்கள் கேட்டார்கள். இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் தவிர்க்கலாம், மூன்றையும் தவிர்க்க வழியில்லை. தொழில்நுட்பத்தால் எல்லாம் தீரும் என்று வருடக்கணக்கில் பேசினார்கள். கேமராவும் முன்கூட்டிய டிக்ளரேஷனும் வரிசையைக் குறைக்கும். ஆனால் ஒரு லாரிக்குள் இருக்கும் கோழிக்கறி எந்தப் பண்ணையில் வளர்ந்தது என்று கேமரா சொல்லாது.

தெரசா மே தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. ‘பேக்ஸ்டாப்’ என்ற காப்பு ஏற்பாடு: வேறு தீர்வு கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்துடன் ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும், தன்னிச்சையாக வெளியேற முடியாது. 2019 ஜனவரி 15 அன்று பிரிட்டன் நாடாளுமன்றப் பொதுச்சபையில் 202-க்கு 432 என்று அது தோற்றது. மார்ச்சில் மேலும் இரண்டு தோல்விகள். நடுவே, மார்ச் 27 அன்று, உறுப்பினர்களே எட்டு மாற்று வழிகளை முன்வைத்து வாக்கெடுத்தார்கள். எட்டில் ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1 அன்று நிரந்தரச் சுங்க ஒன்றியம் என்ற வழி 273-க்கு 276 என்று மூன்றே வாக்கில் போயிற்று. எதை வேண்டாம் என்று சொல்வதில் பெரும்பான்மை இருந்தது, எது வேண்டும் என்பதில் இல்லை. விலகும் நாள் மார்ச் 29-லிருந்து ஏப்ரல் 12, அக்டோபர் 31, பிறகு 2020 ஜனவரி 31 என்று மூன்றுமுறை தள்ளிப்போனது.

தெரசா மேக்குப் பிறகு பிரதமரான போரிஸ் ஜான்சன் கோட்டைக் கடலில் போட ஒப்புக்கொண்டார். அதுதான் வடக்கு அயர்லாந்து நெறிமுறை. சட்டப்படி வடக்கு அயர்லாந்து பிரிட்டனின் சுங்க எல்லைக்குள் இருக்கும். பொருள்களுக்கு மட்டும் ஒன்றிய விதி செல்லும். 2019 டிசம்பர் தேர்தலில் 80 இடப் பெரும்பான்மை கிடைத்ததால் அது நிறைவேறியது. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் விலகியது. டிசம்பர் 31 வரை எதுவும் மாறாத இடைக்காலம். வணிக ஒப்பந்தம் முடிவானது டிசம்பர் 24 அன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். வணிகர்கள் அதைப் படித்துத் தயாராக மீதமிருந்தது ஒரு வாரம், அதிலும் கிறிஸ்துமஸ் விடுமுறை.

இனி லாரிக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பிடிக்கும் லாங்குஸ்டீன் இறால் 2020 வரை மாலையில் ஏற்றினால் மறுநாள் பிரான்ஸின் பூலோன் சந்தையில் இருந்தது. ஒரு இன்வாய்ஸ், ஒரு டெலிவரி நோட்டு, அவ்வளவுதான். 2021 ஜனவரி 1 முதல் அதே பெட்டிக்குத் தேவையானவை இவை. GB என்று தொடங்கும் சுங்கப் பதிவு எண். சரக்கின் எட்டு இலக்கக் குறியீட்டுடன் பிரிட்டன் ஏற்றுமதி டிக்ளரேஷன். பிரான்ஸ் பக்கம் தனியாக இறக்குமதி டிக்ளரேஷன். அதைப் போட ஐரோப்பாவில் பதிவுபெற்ற ஏஜென்ட். கடலில் பிடித்ததென்றால் எந்தப் படகு பிடித்தது என்ற பிடிப்புச் சான்று. உணவென்பதால் கால்நடை மருத்துவர் போன்ற அங்கீகாரம் பெற்ற அதிகாரி கையெழுத்திடும் சுகாதாரச் சான்றிதழ். அந்தச் சான்றிதழைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலும், சரக்கு நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். பொருந்தாத வரிகளை ஒவ்வொன்றாக அடித்து, அடித்த இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் அச்சின் நிறத்தில் இருக்கக் கூடாது. கறுப்பு மையில் அச்சடித்த தாளில் கறுப்பு மையில் ஒப்பமிட்டால் செல்லாது. சரக்கு கிளம்பும் முன்பே அதன் விவரத்தை ஒன்றியத்தின் இணையப் பதிவில் ஏற்ற வேண்டும். சரக்கை அடுக்கும் மரப் பலகைத் தட்டுகூட (பேலட்) தப்பவில்லை: மரத்தின் உள்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கான முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால் சரக்கு போகும், போகிறது. எங்கே உடைந்தது என்றால், சேர்த்து ஏற்றும் லாரிகளில். சிறு மீனவர்கள் முழு லாரி நிரப்புவதில்லை. இருபது முப்பது பேரின் பெட்டிகள் ஒரே லாரியில் போகும். ஒருவருடைய சான்றிதழில் பெட்டி எண்ணிக்கை பொருந்தாவிட்டால், மற்ற எல்லோர் காகிதமும் சரியாக இருந்தாலும் லாரி நகராது. லாங்குஸ்டீன் உயிரோடு விற்கும் சரக்கு. ஒரு நாள் தாமதம் என்றால் விலையில் பெரும்பகுதி போய்விடும். 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்து மீன் வியாபாரிகள் லாரிகளை லண்டனுக்கே ஓட்டிவந்து பிரதமர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியது இதனால்தான். சிப்பிக்கு இதைவிட மோசம். இங்கிலாந்து, வேல்ஸ் கரையோரம் ‘பி’ வகை (ஓரளவு மாசுள்ள) நீரில் எடுக்கும் சிப்பியைச் சுத்திகரிக்காமல் உயிரோடு ஒன்றியத்துக்குள் கொண்டுவர வெளிநாடுகளுக்கு அனுமதி இல்லை. அந்த விதி முன்பே இருந்தது. உறுப்பினராக இருந்தவரை அது பிரிட்டனைத் தொடவில்லை.

பிரெஞ்சு சுங்கத்துறை வரிசையைக் குறைக்க நல்ல முறை ஒன்று வைத்தது. டிக்ளரேஷன்களின் பார்கோடைக் கப்பல் ஏறும் முன் ஸ்கேன் செய்து லாரியின் பதிவெண்ணோடு இணைத்துவிடுகிறார்கள். பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவிலுள்ள ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கணினி முடிவெடுக்கிறது. கப்பலின் திரையில் பச்சை என்று வந்தால் இறங்கி நேரே போகலாம், ஆரஞ்சு என்றால் சோதனை முற்றத்துக்குத் திருப்ப வேண்டும். பிரிட்டன் துறைமுகமான டோவரில் மக்கள் பயந்த அளவுக்கு நாள்கணக்கான நிரந்தர வரிசை வராததற்கு இந்த முறை ஒரு காரணம். இன்னொரு காரணம் வருத்தமானது: காகிதம் தயாரில்லாத சரக்கு துறைமுகத்துக்கே வரவில்லை. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்துவந்த சிறு நிறுவனங்கள் பல, ஒரு பெட்டிக்கு ஆகும் சான்றிதழ்ச் செலவு அந்தப் பெட்டியின் லாபத்தைத் தாண்டியதும் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டன. வரிசையைப் படமெடுக்க முடியும், கைவிட்ட ஆர்டரை எடுக்க முடியாது.

வரி இல்லை என்ற வாக்குறுதிக்குள்ளும் ஒரு நிபந்தனை இருந்தது. பொருள் பிரிட்டனில் ‘உருவானதாக’ இருந்தால்தான் வரி இல்லை. வங்கதேசத்தில் தைத்த சட்டை லங்காஷயர் கிடங்குக்கு வந்து, சுங்கம் முடிந்து, அங்கிருந்து டப்ளின் கடைக்குப் போனால் அது பிரிட்டிஷ் பொருள் ஆகாது. பிரித்து மடித்து வேறு உறையில் போட்டாலும் ஆகாது. அயர்லாந்து எல்லையில் 12 சதவீதத் தீர்வை விழும். ஐரோப்பாவுக்கான விநியோகத்தை பிரிட்டன் கிடங்கிலிருந்தே செய்துவந்த கடைகள் இதை 2021 ஜனவரியில் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டன. தீர்வு இரண்டு: சரக்கைச் சுங்கப் பிணையக் கிடங்கில் (வரி கட்டாமல் வைக்க அனுமதியுள்ள கிடங்கில்) வைத்து அப்படியே மறுஏற்றுமதி செய்வது, அல்லது ஐரோப்பாவுக்குள் இன்னொரு கிடங்கு எடுப்பது. பணமிருந்தவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள்.

உண்மையிலேயே பிரிட்டனில் செய்ததென்றால், இன்வாய்ஸில் ஒரு மூல அறிவிப்பு வாசகம் போதும். அதில் சுங்கப் பதிவு எண்ணும் வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஆதாரம் இல்லாமல் அந்த வாசகத்தைப் போட்டுவிடுவது. உதிரிபாகம் கொடுத்தவரிடம் சப்ளையர் அறிவிப்பு வாங்கிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். இறக்குமதி நாடு பிறகு சரிபார்க்கக் கேட்டால் காட்ட வழியில்லாவிட்டால், வாங்கியவர் தலையில் பழைய வரி மொத்தமும் விழும். கார்களுக்குப் பொதுவாக 45 சதவீதத்துக்கு மேல் வெளிப்பாகம் இருக்கக் கூடாது. மின்கார் பேட்டரிக்கு 2024-ல் இறுக வேண்டியிருந்த விதியை இரு தரப்பும் சேர்ந்து 2026 கடைசிவரை தள்ளிவைத்தன. இரண்டு பக்கமும் பேட்டரித் தொழிற்சாலைகள் போதவில்லை.

இன்னொரு வழக்கமான இடறல், விற்பனை நிபந்தனை. ‘வீட்டு வாசல்வரை எல்லா வரியும் எங்கள் பொறுப்பு’ என்று பிரிட்டன் விற்பனையாளர் ஒப்புக்கொண்டால், ஐரோப்பாவில் இறக்குமதியாளராக அவரே நிற்க வேண்டும். அதற்கு அங்கே பதிவு எண், வாட் பதிவு, பொறுப்பேற்கும் முகவர் எல்லாம் வேண்டும். பழைய விலைப்பட்டியலை மாற்றாமல் அனுப்பியவர்கள் இதில்தான் மாட்டினார்கள்.

பிரிட்டன் தன் பக்கச் சோதனையை என்ன செய்தது? தள்ளிப்போட்டது. 2021 ஏப்ரலில் தொடங்குவதாக இருந்த உணவுச் சோதனை ஐந்துமுறை ஒத்திப்போய், சான்றிதழ் 2024 ஜனவரி 31 முதல், நேரடிச் சோதனை ஏப்ரல் 30 முதல் என்று வந்தது. மூன்று வருடமாக பிரிட்டன் உணவு எல்லாச் சோதனையோடும் ஐரோப்பா போனது; ஐரோப்பிய உணவு பெரிய சோதனை இல்லாமல் பிரிட்டன் வந்தது. தங்கள் அரசே தங்களைப் பாதகமான நிலையில் நிறுத்தியதாக விவசாயிகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சோதனை முற்றம் டோவரிலேயே இல்லை. சுமார் 35 கிலோமீட்டர் உள்ளே, ஆஷ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் செவிங்டனில் இருக்கிறது. இறைச்சி, பாலாடைக்கட்டி போன்றவற்றுக்கு ஒரு வகைக்கு 29 பவுண்ட் வரை, ஒரு சரக்குக்கு அதிகபட்சம் 145 பவுண்ட் என்று 2024-ல் கட்டணம் வைத்தார்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு இது தூசி. நாலு பெட்டி பாலாடைக்கட்டி வரவழைக்கும் சிறு கடைக்கு அப்படியில்லை.

கடல் கோடும் அப்படியே நிற்கவில்லை. வடக்கு அயர்லாந்தில் யூனியனிஸ்ட் கட்சி 2022 பிப்ரவரியில் ஆட்சியிலிருந்து விலகி, இரண்டு வருடம் சட்டமன்றம் முடங்கியது. 2023 பிப்ரவரி 27 அன்று அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயெனும் அறிவித்த விண்ட்ஸர் ஏற்பாடு பாதையை இரண்டாகப் பிரித்தது. வடக்கு அயர்லாந்திலேயே விற்று முடியும் சரக்குக்குப் பச்சைப் பாதை, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை. பச்சையில் போக நம்பகமான வணிகராகப் பதிவு வேண்டும். பல உணவுப் பொட்டலங்களில் ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ என்ற வாசகம் ஒட்ட வேண்டும். சோதனைக் கோடு இங்கே பால் பாக்கெட்டின் லேபிளுக்கே வந்துவிட்டது.

சேவைத் துறையைப் பற்றி ஒப்பந்தம் சொன்னது மிகக் குறைவு. லண்டன் வங்கிகள் ஒரே உரிமத்தில் ஐரோப்பா முழுவதும் தொழில் செய்த வசதி போயிற்று. 2021 ஜனவரியிலேயே பங்கு வர்த்தக அளவில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது. ஆட்கள் தடையின்றி வந்துபோவது நின்றபோதும் குடியேற்றம் உடனே குறையவில்லை. ஐரோப்பியர் குறைய, இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் மாணவர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் வந்தார்கள்; நிகரக் குடியேற்றம் 2023-ல் ஒரு கட்டத்தில் வருடத்துக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. விலகலுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பகுதி எதிர்பார்த்தது இதற்கு நேர்மாறானது.

புதிய ஒப்பந்தங்கள் இழப்பை ஈடுகட்டவில்லையா என்று கேட்பார்கள். பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், விலகலால் நீண்டகால உற்பத்தித்திறன் சுமார் 4 சதவீதம் குறையும் என்று கணித்து, அதையே வைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் சேர்ந்த பசிபிக் வணிகக் கூட்டமைப்பால் கிடைப்பது, அரசின் சொந்தக் கணக்கிலேயே, 0.1 சதவீதத்துக்கும் குறைவு. இந்தியாவுடன் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் திருப்பூருக்கு நிஜமாகவே பெரியது: வங்கதேச ஆடை வரியின்றி நுழையும் சந்தையில் நம் பின்னலாடை வரி கட்டித்தான் நுழைந்துவந்தது, ஒப்பந்தப்படி அந்த வரி நீங்குகிறது. ஆனால் பிரிட்டனின் மொத்தக் கணக்கில் பக்கத்து வீட்டுச் சந்தை போனதற்குத் தூரத்துச் சந்தை ஈடாகாது. இருபது மைல் கடலுக்கு அப்பால் மறுநாள் போய்ச் சேரும் இறாலை மும்பைக்கு விற்க முடியாது.

2024 ஜூலையில் வந்த கியர் ஸ்டார்மர் அரசு, ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், ஆட்கள் தடையின்றி வந்துபோவது என மூன்றுக்கும் திரும்பப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டே, 2025 மே 19 அன்று ஒன்றியத்துடன் புதிய புரிதல் செய்தது. ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டன் நீரில் மீன்பிடிக்கலாம்; பதிலுக்கு உணவு, கால்நடை, தாவரச் சுகாதார ஒப்பந்தம் பேசப்படும். அதன் விலை தெளிவானது. அந்தத் துறையில் ஒன்றியம் விதியை மாற்றும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்ற வேண்டும், பணமும் கொடுக்க வேண்டும், ஒன்றியச் சட்டத்துக்கு இறுதி விளக்கம் லக்ஸம்பர்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றத்துடையது.

ஒப்பந்தம் பேசியபடி நடைமுறைக்கு வந்தால், அந்த லாங்குஸ்டீன் பெட்டிக்குச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டாம், வேற்று நிற மையில் முத்திரையும் வேண்டாம். சுங்க ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் ஏற்றுமதி டிக்ளரேஷனும் இறக்குமதி டிக்ளரேஷனும் இன்வாய்ஸில் மூல அறிவிப்பும் இருக்கும். கால்வாயின் நடுவில் ஓட்டுநர் திரையைப் பார்த்துப் பச்சையா ஆரஞ்சா என்று காத்திருப்பதும் இருக்கும்.